ஆலை சுருக்கியதா, நாம் சுருக்குவதா: ரா டெனிம் வாங்கும் முன்

சென்ற வாரம் அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். முதன்முதலாக ஒரு ரா டெனிம் ஜீன்ஸ் வாங்குவதற்காகச் சில மாதங்களாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறான். சான்ஃபரைஸ் செய்தது, செய்யாதது என்று இரண்டு வகை கடையில் இருக்கின்றனவாம், விலையும் ஏறக்குறைய ஒன்றுதானாம். "மாமா, செய்யாததுதான் அசல்னு எல்லாரும் சொல்றாங்க, அதையே வாங்கிடவா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதைத் தொலைபேசியில் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ரா டெனிம் என்றால் நெய்து தைத்த பிறகு சலவை ஆலைக்குப் போகாத, தண்ணீர் காணாத ஜீன்ஸ் என்று பொருள். சான்ஃபரைஸ் என்பது அதற்கு முந்தைய கட்டத்தில், துணி இன்னும் பீஸாக இருக்கும்போதே, அதன் சுருக்கத்தை எடுத்துவிடும் வேலை. ஆகவே ஒரு ஜீன்ஸ் ரா டெனிமாகவும் சான்ஃபரைஸ் செய்யப்பட்டதாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியும். இன்று விற்கும் ரா டெனிமில் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான். வெளித்தையலின் உள்பக்கத்தில் சிவப்பு நூல் ஓடும் செல்வெட்ஜ் கரையைப் பார்த்துவிட்டு, இது சுருக்கம் எடுக்காத துணி என்று நினைப்பதும் தவறு. அந்தக் கரை, துணி நாடா (ஷட்டில்) ஓடும் தறியில் நெய்யப்பட்டது என்பதை மட்டும்தான் சொல்கிறது.

துணி ஏன் சுருங்குகிறது என்பது நெசவு தெரிந்த வீட்டில் பிறந்தவர்களுக்குப் புதிதல்ல. நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, தறியில் இறுக இழுத்துக் கட்டி, அந்த இழுப்பிலேயே குறுக்கே ஊடை நூலை ஓட்டி நெய்கிறார்கள். துணி முதன்முதலாக நனையும்போது பருத்தி இழைகள் உப்பி நூல் பருமனாகிறது. பருத்த நூலைச் சுற்றி வளைந்து செல்ல ஒவ்வொரு நூலுக்கும் கூடுதல் நீளம் தேவைப்படுகிறது. அந்த நீளத்தைத் துணி தன்னிடமிருந்தேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தறியில் அதிகம் இழுபட்டது பாவு என்பதால் நீளவாக்கில் அதிகமாகவும், அகலவாக்கில் சற்றுக் குறைவாகவும் சுருங்குகிறது. ஜீன்ஸில் பாவு நூல் காலின் நீளத்தில் ஓடுகிறது. இடுப்பைவிடக் கால் நீளம் அதிகமாகக் குறைவதற்குக் காரணம் இதுவே.

இதற்கு ஆலையிலேயே தீர்வு கண்டவர் சான்ஃபோர்ட் க்ளூயெட். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரில், ஏரோ காலர்களும் சட்டைகளும் செய்துவந்த க்ளூயெட் பீபாடி நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். அவருடைய முறைக்கு 1930-இல் காப்புரிமை கிடைத்தது, அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. முறை எளிமையானது, அழகானது. ஈரப்படுத்திய துணியை, தடித்த ரப்பர் பட்டை ஒன்றின் மேல் படிய வைத்துச் சூடான உருளையை ஒட்டி ஓட்டுகிறார்கள். வளைவில் நீண்டிருக்கும் ரப்பர், வளைவைத் தாண்டியதும் தன் நிலைக்குத் திரும்பிச் சுருங்குகிறது. அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் துணியும் சேர்ந்து நீளவாக்கில் சுருங்குகிறது. முதல் சலவையில் நடக்க வேண்டியது ஆலையிலேயே நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு 1 முதல் 3 சதவீதம் வரைதான் மிச்சம். நம் ஊர் மில் துணிகளிலும் ஒரு காலத்தில் 'சான்ஃபரைஸ்டு' என்ற முத்திரை இருந்ததைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

அந்த வேலையைச் செய்யாத டெனிம் 7 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். எண்ணாகப் படிக்கும்போது இது சிறிதாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் சான்ஃபரைஸ் செய்யாத ஒன்றை வாங்கினேன். உள்கால் நீளம் 34 அங்குலம். எனக்கு 31 போதும். சுருங்குவதற்கு 1 அங்குலம் விடலாம் என்று நானே முடிவு செய்து, கடைக்காரரிடம் 32-இல் வெட்டித் தைக்கச் சொன்னேன். இந்தத் துணியை நனைத்த பிறகுதான் வெட்ட வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. முதல் சலவைக்குப் பிறகு அளந்தேன்: 29½ அங்குலம். நின்றால் கணுக்கால் எலும்பு தெரிந்தது, உட்கார்ந்தால் காலுறை முழுவதும் தெரிந்தது. வெட்டி எறிந்த 2 அங்குலத் துணியைத் திரும்ப ஒட்ட வழியில்லை. என் அம்மா ரவிக்கைக்கு லைனிங் துணி வாங்கினால், அன்று இரவே வாளியில் ஊறவைத்துக் காயவைத்த பிறகுதான் தையல்காரரிடம் கொடுப்பார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த ஒழுங்கு ஜீன்ஸுக்கும் பொருந்தும் என்று தோன்றாமல் போனது இன்றும் வருத்தம்தான்.

சுருக்கம் எடுக்காத டெனிமுக்குச் சிறப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. நனைத்துக் காய்ந்த பிறகு அதன் மேற்பரப்பில் வரும் சொரசொரப்பும் மேடுபள்ளமும் ரப்பர் பட்டையில் அழுந்திய துணியில் அந்த அளவுக்கு வருவதில்லை. பூனைமயிர் போன்ற இழைகளைத் தீயில் பொசுக்காமல் விட்ட துணியாக இருந்தால், புதிதில் அதைத் தடவிப் பார்ப்பதே ஒரு சுகம். சாயம் வெளுக்கும்போதும் ஒரே சீராக வெளுக்காமல், நூலின் மேடுகளில் முதலில் வெளுத்துக் கோடுகோடாக இறங்கும். லீவைஸின் 501 ஜீன்ஸ் நெடுங்காலம் இந்த வகைத் துணியில்தான் விற்கப்பட்டது. 'ஷ்ரிங்க் டு ஃபிட்' என்ற பெயரில் இன்றும் கிடைக்கிறது. அந்த 501-க்குப் பல பத்தாண்டுகள் துணி கொடுத்த வட கரோலினாவின் வைட் ஓக் ஆலை 2017 இறுதியில் மூடப்பட்டபோது, டெனிமை நேசிப்பவர்கள் வருந்தியதில் நியாயம் இருக்கிறது. ஜப்பானின் ஒகயாமாவில் பழைய தறிகளில் இன்றும் இத்தகைய துணியை நெய்பவர்கள் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு.

ஆனால் 'அசல்' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. நூலின் உள்ளே வெள்ளையாகவும் மேலே மட்டும் நீலமாகவும் நிற்கும்படி கயிறு கயிறாக இண்டிகோவில் முக்கி எடுக்கும் சாயமுறைதான் டெனிம் அழகாக வெளுப்பதற்கு முதல் காரணம். அது இரண்டு வகைக்கும் பொது. முழங்காலுக்குப் பின்னால் தேன்கூடு போல விழும் மடிப்புக்கோடுகளும் இரண்டிலும் விழும். சுருக்கம் எடுத்த ரா டெனிமை ஓர் ஆண்டு உடுத்தியவர், அசல் ஒன்றை இழந்துவிட்டதாக நினைக்கத் தேவையே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ரா டெனிமை ஆறு மாதம் துவைக்காமல் உடுத்த வேண்டும் என்று சொல்பவர்கள், அதே மூச்சில் சுருக்கம் எடுக்காததையும் பரிந்துரைக்கிறார்கள். இவை இரண்டும் சேரவே கூடாது. நனைக்காமல் ஆறு மாதம் உடுத்தி, மடிப்புக்கோடுகள் நன்றாக விழுந்த பிறகு முதல் முறை துவைத்தால், துணி அப்போதுதான் சுருங்கும். முழங்காலுக்குப் பின்னால் விழுந்த கோடுகள் எல்லாம் இடம் மாறி மேலேறி நிற்கும். அதுவும் சென்னையின் வெயிலில், பேருந்திலும் ரயிலிலும் வியர்வையில் ஊறும் ஆடையை ஆறு மாதம் துவைக்காமல் இருப்பது உடலுக்கும் நல்லதல்ல, துணிக்கும் நல்லதல்ல. வியர்வையும் அழுக்கும் தங்கிய தொடைச் சந்துதான் முதலில் நைந்து கிழிகிறது. அடிக்கடி துவைக்க வேண்டிய ஊரில் வாழ்பவருக்கு, துவைத்தாலும் அளவு மாறாத துணியே நிம்மதி.

அத்தனையும் தெரிந்தே சுருக்கம் எடுக்காததை வாங்க விரும்பினால், தாராளமாக வாங்கலாம். நானும் மூன்று ஆண்டுகளுக்கு முன் மீண்டும் ஒன்று வாங்கினேன். இம்முறை உள்கால் 35 அங்குலம், இடுப்பு 34. வீட்டுக்கு வந்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரில், வாளியில் ஒரு மணி நேரம் மூழ்க வைத்தேன். பலகை போல விறைத்திருந்த துணி கஞ்சியை விட்டு இளகியது, தண்ணீர் கருநீலமாயிற்று. (கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இண்டிகோ தண்ணீரில் கரையாத சாயம். நூலின் மேல் படிந்திருப்பது உரசலில் உதிர்கிறதே தவிர, உப்பு அதைப் பிடித்துவைக்காது.) நிழலில் தொங்கவிட்டுக் காயவைத்தேன். மூன்று முறை இப்படிச் செய்த பிறகு உள்கால் 32¼, இடுப்பு 32½. இடுப்பு பத்து நாள் உடுத்தியதும் 33½-க்குத் தளர்ந்தது. நீளம் அப்படித் தளரவில்லை. அதன் பிறகுதான் வெட்டித் தைத்தேன். வலது காலின் வெளித்தையல் மட்டும் இன்று முழங்காலுக்குக் கீழே முன்பக்கமாகச் சுற்றி வந்து நிற்கிறது. சாய்வான கோடுகளாக ஓடும் ட்வில் நெசவின் சாய்வை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் இழுத்துச் சரிசெய்யாத துணி, நனைந்ததும் இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். எனக்கு அது பிடித்திருக்கிறது. பிடிக்காதவர்களுக்கு அது குறையாகவே தெரியும், வாங்கும் முன் அதையும் யோசிக்க வேண்டும்.

விற்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். சில ஜீன்ஸ்களில் இடுப்புப் பட்டையில் இருக்கும் எண் நனைப்பதற்கு முந்தைய அளவு, சிலவற்றில் சுருங்கிய பின் வர வேண்டிய அளவு. எது என்று பட்டையை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? நனைக்கும் முன் இவ்வளவு, வெந்நீரில் நனைத்துக் காய்ந்த பின் இவ்வளவு என்று இரண்டு வரிசை எண்களை அச்சிட்டு மாட்டினால் போதும். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு அந்த இரண்டு வரிகளைக்கூடக் கொடுக்காமல் விற்பது சரியல்ல.

அக்கா மகனுக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: சதுர கஜத்துக்கு 13 அல்லது 14 அவுன்ஸ் எடையில், சான்ஃபரைஸ் செய்த ரா டெனிம் ஒன்றை, இடுப்பில் பொத்தான் சற்று இறுக்கமாகவே பூட்டும் அளவில் வாங்கு, அதிலும் 3 சதவீதம் மிச்சம் இருக்கலாம், 32 அங்குலத்துக்கு அது ஏறக்குறைய 1 அங்குலம். ஆகவே ஒரு முறை நனைத்துக் காயவைத்த பிறகு கால் நீளத்தை வெட்டு. நேற்று படம் அனுப்பியிருந்தான். குளியலறை வாளியில் நீலத் தண்ணீர், அதன் விளிம்பில் அளவு நாடா.