பீப்பாயை உடைத்தால் மட்டும் போதாது

எங்கள் டவுனில் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைப் பிடிக்கப் பொலிஸ் சுற்றிவளைப்பு நடந்தால் அன்றைக்கு முகநூல் முழுக்க வாழ்த்துத்தான். நானும் வாழ்த்துகிறேன். ஆற்றோரப் பற்றைக்குள் ஒளித்துவைத்த கோடாவை (கசிப்புக் காய்ச்சும் ஊறலை) ஊற்றும்போது அந்தப் புளிச்ச நாற்றம் லயத்து வீடுகள் வரைக்கும் வரும். கசிப்புக் குடித்துவிட்டு வரும் அப்பாவுக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று.

ஆனால் பிடிபட்டவன் கோர்ட்டில் தண்டம் கட்டிவிட்டுத் திரும்பி வருகிறான். அதே பற்றை, அதே இருட்டு. வாங்க ஆளும் இருக்கிறது. கடையில் ஒரு போத்தல் சாராயத்தின் விலை ஒரு நாள் சம்பளத்தையே தாண்டும்போது கசிப்புக்குக் கிராக்கி எப்படிக் குறையும்?

போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸ் 2023 டிசம்பர் 17இல் ‘யுக்திய’ நடவடிக்கையை ஆரம்பித்ததை யோசித்துப் பாருங்கள். நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தி மீளாய்வு செய்யச் சொன்னார்கள். அந்த நேரம் எங்கள் பக்கத்துப் பிரதேச சபைகளில் மக்கள் தெரிவு செய்த ஒரு உறுப்பினர்கூட இல்லை! 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் 2025 மே 6 வரை இழுபட்டது. பொலிஸ் மட்டும் தனியாக ஓடியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எரியாத லைட்டையும், பூட்டிக் கிடந்த வாசிகசாலையையும் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? ஐஸ் போதைப்பொருள் விற்பவனுக்கு வேண்டியது அந்த இருட்டும் வேலையில்லாத பொடியன்களும்தான்.

தேயிலைத் தோட்டத்துக்குள் கதை இன்னும் மோசம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குச் செலவழிக்க முடியாது என்று வருஷக்கணக்காகக் கையை விரித்தார்கள். 2018இல்தான் தோட்டத்துக்கும் சபை வேலை செய்யலாம் என்று அதன் 33ஆம் பிரிவைத் திருத்தினார்கள். அதே வருஷம் நுவரெலியா மாவட்டத்தின் அம்பகமுவைப் பிரதேச சபையிலிருந்து மஸ்கெலியாவும் நோர்வூட்டும் பிரிந்து தனிச் சபைகளாயின. ஆக, இப்போது சட்டமும் இருக்கிறது, சபையும் பக்கத்தில் இருக்கிறது.

பொலிஸ் ஒரு இடத்தைச் சுத்தம் செய்த அடுத்த வாரமே சபை அங்கே போக வேண்டும். பற்றையை வெட்டி, லைட் போட்டு, பிள்ளைகள் விளையாட இடம் கொடுக்க வேண்டும். வட்டார உறுப்பினர்களே, அடுத்த பாதீட்டில் இதற்கு எவ்வளவு ஒதுக்கப் போகிறீர்கள்? தொகையை இந்தப் பதிவுக்குக் கீழேயே எழுதுங்கள்.