பின்னாடி யாரு என்று கேட்காதீர்கள்

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே என்பது கோரிக்கை. அப்போது டீக்கடையில், வாட்சப் குழுவில், எங்கே பேச்செடுத்தாலும் என் காதில் விழுந்த கேள்வி: "இவங்க பின்னாடி யாரு?" தன் சம்பளம் எவ்வளவு குறையும் என்று குப்பை அள்ளுகிற அம்மாவுக்கு யாராவது வந்து சொல்லிக்கொடுக்கணுமா? அந்தக் கேள்வி மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

புரட்சிகளையும் இப்படித்தான் படிக்கிறோம். ரஷ்யா என்றால் லெனின். ஆனால் 1917 மார்ச்சில் ஜார் மன்னர் ஆட்சி கவிழ்ந்தபோது லெனின் சூரிச்சில் இருந்தார், இன்னொரு புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கி நியூயார்க்கில். மார்ச் 8, பெண்கள் தினம். அப்போதைய தலைநகர் பெட்ரோகிராடின் வைபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். "இப்போது வேலைநிறுத்தம் வேண்டாம்" என்று உள்ளூர் போல்ஷ்விக் (லெனின் கட்சி) ஆள் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். நாளெல்லாம் உழைத்துவிட்டு, ரொட்டிக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் அதைக் கேட்கவில்லை. பக்கத்து இரும்பு ஆலைகளின் ஜன்னல்களில் பனி உருண்டைகளை எறிந்து ஆண்களையும் வெளியே கூப்பிட்டார்கள். ஒரு வாரத்தில் ஜார் முடி துறந்தார்.

"பசிக்கு வந்த கூட்டம், அரசியல் தெரியாது" என்று இதையும் ஒதுக்கிவிடுவார்கள். ரொட்டி இல்லாததற்கும் அப்போது நடந்த உலகப் போருக்கும் ஜாருக்கும் முடிச்சுப் போடத் தெரிந்ததே, அதைவிட என்ன அரசியல் வேண்டும்? பின்னால் வந்த ஆட்சியின் அநியாயத்தை இவர்கள் தலையில் கட்டுவது இன்னும் மோசம். 1921-இல் அதே பெட்ரோகிராட் தொழிலாளர்கள் போல்ஷ்விக் அரசை எதிர்த்தும் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அதே 1921-இல்தான் நம்ம பெரம்பூர் பின்னி மில் வேலைநிறுத்தம். இங்கே நம் தோழர்களே சறுக்குகிறார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அந்தத் தொழிலாளர்கள் பக்கம் நின்றார். நிர்வாகம் அந்தப் பிளவில் குளிர் காய்ந்தது, உண்மைதான். ஆனால் மில் பக்கத்துப் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்ததும் உண்மை. சாதி இந்துத் தொழிலாளி மில்லுக்குள் தோழன், வெளியே வந்தால் தன் தெருவுக்குள் விடமாட்டான். அப்படிப்பட்டவனை நம்பி, கையில் காசு இல்லாமல், எத்தனை மாதம் என்று தெரியாத ஒரு போராட்டத்தில் எப்படி இறங்குவது? யாரும் ஏமாற்றி அவர்களை உள்ளே அனுப்பவில்லை. தங்கள் நிலைமையை எடைபோட்டு எடுத்த முடிவு அது. நெசவாலைப் பெண்களின் முடிவுக்குக் கொடுக்கிற மரியாதையை இதற்கும் கொடுத்தாகணும்.

1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதையைச் சொல்லும் மேடைகளில் சங்கத்தைத் தொடங்கிய வாடியா வருகிறார், திரு.வி.க. வருகிறார். வரவேண்டியவர்கள்தான். புளியந்தோப்பையும் அதே மேடையில் பேசுங்கள் தோழர்களே. அந்த மக்கள் மேல் 'கருங்காலி' என்று ஒட்டிய பட்டத்தை முதலில் கிழியுங்கள்.