இரண்டு வீதப் பட்டியலும் இருதய ஆய்வும்

ஒவ்வோர் ஆண்டும் புதிய பட்டியல் வெளியானதும் என் முகநூல் பக்கம் வாழ்த்துப் படங்களால் நிரம்பிவிடும். "உலகின் முதல் இரண்டு வீத விஞ்ஞானிகளுள் எங்கள் மண்ணின் மைந்தர்" என்ற வரியும், அதைச் சுற்றிப் பொன்னிறச் சட்டமும், கீழே ஊரின் பெயரும் இருக்கும். இம்முறை நான் கண்ட படத்தில் இருந்தவர் இருதய நோய் ஆய்வாளர். வாழ்த்துவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் எதைக் கண்டறிந்தார் என்று ஒருவர்கூடக் கேட்காததுதான் உறுத்தியது.

அந்தப் பட்டியலை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் வழங்கும் விருது என்று பலர் எழுதுகிறார்கள். விருது அல்ல, அங்குள்ள ஜோன் இயோனிடிஸும் சக ஆய்வாளர்களும் ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டும் ஸ்கோபஸ் தளத்தின் தரவுகளைக் கொண்டு 2019 முதல் வெளியிட்டுவரும் ஒரு தரவுத்தொகுப்பு. மேற்கோள்களின், அதாவது பிற கட்டுரைகள் ஒருவரின் கட்டுரையைச் சுட்டும் தடவைகளின், மொத்தத் தொகையோடு, ஒருவர் தனியாக எழுதினாரா, முதல் ஆசிரியரா, இறுதி ஆசிரியரா என்பதையும் அதில் கணக்கெடுக்கிறார்கள். பல நாட்டு வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்தும் பரிசோதனைகளே அதிகமுள்ள இருதய மருத்துவத்தில் இது சிறிய விடயம் அல்ல. பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-சுட்டெண் இதைப் பார்ப்பதில்லை. அது 20 என்றால், குறைந்தது 20 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட 20 கட்டுரைகள் உண்டு என்பது மட்டுமே பொருள். ஆய்வை வடிவமைத்தவருக்கும் முப்பதாவது பெயராக நின்றவருக்கும் ஒரே கணக்குத்தான்.

எண்ணிக்கைக்குப் பின்னால் கனமான வேலை இருக்கும் இடமும் உண்டு. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுப்பின் குழு 2004இல் லான்செட் இதழில் வெளியிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வு, 52 நாடுகளில் முதல் மாரடைப்புக்கு உள்ளான ஏறத்தாழ 15,000 பேரை, அதேயளவு தொகையினரான மாரடைப்பு வராதவர்களோடு ஒப்பிட்டது. புகைத்தல், கொழுப்பு, உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, தொந்தி, மனவழுத்தம் முதலிய ஒன்பது காரணிகள் ஆண்களில் 90 வீத ஆபத்துக்கும் பெண்களில் 94 வீத ஆபத்துக்கும் கணக்குச் சொல்கின்றன என்று அது காட்டியது. அதே தரவிலிருந்து 2007இல் வந்த கட்டுரை, இலங்கை உள்ளிட்ட தெற்காசியரில் முதல் மாரடைப்பின் சராசரி வயது 53 என்றும், ஏனையோரில் அது ஏறத்தாழ 59 என்றும் கண்டது.

இந்த ஆறு வருட வித்தியாசத்தை நான் நேரிலும் கண்டிருக்கிறேன். அம்மாவின் கிளினிக் கொப்பியோடு வைத்தியசாலை வாங்கில் காத்திருந்த ஒரு காலை, பக்கத்தில் இருந்தவர் மாரடைப்புக்குப் பின் முதற்தடவையாக வந்திருந்தார். வயது 48. "தம்பி, எனக்குச் சிகரெட்டும் இல்லை, குடியும் இல்லை. பிறசர் குளிசைதான் இடையில விட்டுப்போட்டன்" என்றார். கொப்பிக்குள் மூன்று வேறு குளிசைகளின் பெயர்கள் இருந்தன.

மேற்கோள் பெருகுவதால் மட்டும் ஆய்வு மெய்யாகிவிடாது. எலும்பு மச்சை உயிரணுக்கள் பழுதடைந்த இருதயத் தசையை மீண்டும் உருவாக்கும் என்று இருதய ஆய்வாளர் பியெரோ அன்வெர்சாவின் குழு 2001இல் நேச்சர் இதழில் எழுதியது. 2004இல் அதே இதழில் வேறு ஆய்வகங்கள் மறுத்தன. மறுக்க வேண்டுமானாலும் மூலக் கட்டுரையைச் சுட்டித்தானே ஆகவேண்டும். ஆகவே மறுப்பும் மேற்கோள் கணக்கில் வரவாகவே பதிவாகிறது. கடைசியில், 2018இல், அவரது ஆய்வகத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளை மீளப்பெறுமாறு ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட நிறுவனங்கள் கேட்டுக்கொண்டன. பட்டியல் தயாரிப்பவர்களை நான் குறைசொல்லவில்லை. எண்ணுவது அவர்கள் வேலை. வாசிப்பது எங்கள் வேலை.

அதே 2018இல் ஜாமா இதழில் வந்த டிரையம்ப் ஆய்வு இலங்கையிலேயே நடந்தது. குறைந்த அளவில் மூன்று குருதி அமுக்க மருந்துகளை ஒரே குளிசையாக்கி, 700 நோயாளரை இரண்டாகப் பிரித்து, வழமையான சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் ஒற்றைக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானோரும் மற்றவர்களில் 55 வீதமானோரும் குருதி அமுக்க இலக்கை எட்டினர். மேற்கோள் எண்ணிக்கையில் இது இன்டர்ஹார்ட்டுக்குக் கிட்டவும் வராது. அந்த வாங்கில் இருந்தவருக்கோ இதைவிடக் கிட்டிய ஆய்வு வேறில்லை.

அந்தப் படத்தின் கீழ் நானும் வாழ்த்தை எழுதிவிட்டு, அவருடைய கட்டுரைகளில் ஏதாவது ஒன்றைத் தமிழில் அரைப் பக்கத்துக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். வாழ்த்துக்கு இருபத்தேழு விருப்பங்கள் விழுந்திருக்கின்றன. கேள்விக்குப் பதிலை இன்னும் காணவில்லை.