சமவெளிப் பட்டியலை வைத்து மலைக் கட்டடத்தைக் காப்பாற்ற முடியாது

நீலகிரியில் விடுதி, பள்ளி, ஆஸ்பத்திரி என்று நான் பார்த்த பராமரிப்பு ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கிறது. என்றைக்கோ சமவெளிக் கட்டடத்துக்காக எழுதியது. முகவரியை மட்டும் மாற்றி மேலே அனுப்பிவிடுகிறார்கள். இந்த வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது உயிருக்கு ஆபத்து.

குன்னூரில் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு கட்டடத்துக்கு வந்த பட்டியலில், மாதாமாதம் ஏசி ஃபில்டர் கழுவவேண்டும் என்று இருந்தது. அங்கே ஏசியே கிடையாது. பின்பக்கம் சரிவின் மண்ணைத் தாங்கி இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் தடுப்புச் சுவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தச் சுவரில் தண்ணீர் வடிவதற்கென்று வரிசையாகத் துளைகள் விட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் மண்ணும் வேரும் அடைத்துக் கிடந்தன. துளை அடைபட்டால் மழைத்தண்ணீர் சுவருக்குப் பின்னாலேயே தேங்கும். நனைந்த மண்ணின் பாரத்தோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். முதலில் சுவர் லேசாக வயிறு தள்ளும், அப்புறம் விரிசல் விடும், ஏதோ ஒரு கனமழையில் சாய்ந்துவிடும். கம்பியை விட்டுக் குத்தி எடுத்தால் தீர்கிற வேலைதான். பட்டியலில் இல்லாததால் அது யார் வேலையும் இல்லை என்று ஆகிவிட்டது. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய மாவட்டம் இது.

‘பருவமழைக்கு முன் வடிகால் சுத்தம்’ என்றும் ஒரு வரி இருக்கிறது. எந்தப் பருவமழை? கூடலூர், குந்தா பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்கு. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குதான் கனம். 2009 நவம்பர் மண்சரிவில் பலரைப் பறிகொடுத்தது அந்த மழையில்தான்.

செப்டிக் டேங்க் கதையும் இதேதான். உறைபனி விழும் ஊரில் கழிவு மட்கும் வேகம் குறையும், கசடு சீக்கிரம் சேரும். சமவெளிக் கணக்கில் விட்டுவைத்தால் நிரம்பி வழிந்து, சரிவுக்குக் கீழே இருக்கும் ஊற்றில் போய்க் கலக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்க மக்கள் இருக்கிறார்கள்.

புது விதிகளே வரவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பில் பராமரிப்புக்கென்றே 12-ஆம் பகுதியைச் சேர்த்தார்கள். 2018-இல் கட்டட வசதிகளின் பராமரிப்பு நிர்வாகத்துக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 41001 வந்தது. அது எந்தத் துளையை எப்போது குத்தவேண்டும் என்று சொல்லாது. உன் இடத்தின் சூழலையும் ஆபத்தையும் முதலில் தெரிந்துகொள், அதற்கேற்ப முறையை வகு என்கிறது. பழைய பட்டியலை நகல் எடுத்து அனுப்புவது அதற்கு நேர் எதிரான வேலை.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சேர்த்து, மலைக் கட்டடங்களுக்கென்று தனிப் பராமரிப்பு விதி வேண்டும். தமிழில் வேண்டும். எழுதும்போது பொறியாளர்களோடு இங்கே இருக்கும் பிளம்பரும் கொத்தனாரும் தூய்மைப் பணியாளரும் உட்காரவேண்டும். இந்தியத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான பிஐஎஸ் தன் தரநிலைகளை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்கிறது, இதையும் அப்படிச் செய்யவேண்டும். அது வருவதற்குள் ஒப்பந்தம் புதுப்பிக்கிறவர்கள் தடுப்புச் சுவர், வடிகால், செப்டிக் டேங்க் மூன்றையும் உங்கள் ஊர் மழைக்கும் குளிருக்கும் ஏற்ற தேதிகளோடு எழுதிச் சேர்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.