அயர்லாந்துக்காரர் ஜெர்மானியரை விட இரண்டு மடங்கு பணக்காரரா?

"ஐரோப்பாவின் பெரும் பணக்காரர்கள் லக்சம்பர்க், அயர்லாந்து மக்கள்தான். ஒரு அயர்லாந்துக்காரரின் வருமானம் ஜெர்மானியருடையதைப் போல இரண்டு மடங்கு" என்று ஒரு வரைபடம் சுற்றி வருகிறது. எண் ஏறக்குறைய சரி, அர்த்தம் தவறு. அது தலைக்கான ஜிடிபி, அதாவது நாட்டுக்குள் ஓராண்டில் உற்பத்தியானதாகப் பதிவாகும் மொத்த மதிப்பை மக்கள்தொகையால் வகுத்தது; மக்களின் வருமானம் அல்ல.

2015-ல் அயர்லாந்தின் ஜிடிபி ஒரே ஆண்டில் 26 சதவீதம் வளர்ந்ததாக அறிவித்தார்கள். அந்த ஆண்டில் யாருடைய சம்பளமும் அப்படி ஏறவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளை அயர்லாந்துக் கணக்குக்கு மாற்றின. அப்போது 12.5 சதவீதமாக இருந்த நிறுவன வரிதான் ஈர்ப்பு. உலகெங்கும் நடந்த விற்பனையின் லாபம் அங்கே பதிவானது. குத்தகைக்கு விடப்படும் விமானங்களும் அப்படித்தான். உரிமையாளர் நிறுவனம் டப்ளினில் இருக்கும். விமானம் அங்கே ஒருமுறைகூடத் தரையிறங்காமல் இருக்கலாம்.

இந்தக் குழப்பத்தால் அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகமே 2017-ல் இவற்றைக் கழித்துவிட்டு வேறொரு அளவீட்டை வெளியிடத் தொடங்கியது. அதன்படி பொருளாதாரத்தின் அளவு ஜிடிபியில் பாதிக்குச் சற்று மேல்தான். அதற்காக அயர்லாந்தை ஏழை நாடு என்றும் சொல்லிவிடக் கூடாது. அந்த நிறுவனங்கள் கட்டும் வரி நிஜமாகவே அரசுக்குப் போகிறது.

லக்சம்பர்க் கதை வேறு. பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் உழைப்பு ஜிடிபியில் சேரும், தலைக்கணக்கில் அவர்கள் சேர மாட்டார்கள்.

குடும்பங்களின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட, ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் வெளியிடும் தலைக்கான நுகர்வு அளவைப் பாருங்கள். அதில் ஜெர்மனி அயர்லாந்துக்கு மேலே இருக்கிறது.