மலைக்குளிரை மட்டும் நம்பியிருக்க முடியாது

குளிர்ப் பிரதேசங்களில் கணினியின் வெப்பநிலையைக் கண்காணிக்கத் தேவையில்லை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை, உதகமண்டலத்தில் கணினி பழுதுபார்க்கும் தொழில் செய்பவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது வெளியேற்றும் வெப்பம் குறைந்துவிடுகிறது. அறையின் குளிர்ச்சி இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டுகிறது, உண்மைதான். ஆனால் சன்னல்களை அடைத்து ஹீட்டர் போட்ட அறையில், கம்பளியின்மேல் வைத்து இயக்கப்படும் தூசி படிந்த மடிக்கணினிக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. கணினியின் மூளையான பிராசசர் 95 அல்லது 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதைப் பலர் முதுமையின் அறிகுறியாக எண்ணி, நல்ல கணினியைக் கழித்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

இரவில் தொந்தரவு தரும் விசிறிச் சத்தத்திற்கு, அந்த வசதியுள்ள கணினிகளில், பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் விசிறியின் வேகம் படிப்படியாக ஏறுமாறு வைத்து, நொடிநேர வெப்ப ஏற்றத்திற்கு விசிறி உடனே பாயாதபடி சிறிது தாமதம் கொடுத்தாலே போதும்.

மற்றொன்று, மார்கழிக் குளிரில் வெளியே இருந்த மடிக்கணினியைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தவுடன் இயக்கக் கூடாது. உள்ளே படியும் ஈரத்தை எந்த வெப்பநிலைக் கண்காணிப்புச் செயலியும் காட்டுவதில்லை.