ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியது எவர்ட்டன்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து இரண்டு கால்பந்து கிளப்புகளைப் பற்றி, "எவர்ட்டன், லிவர்பூலிலிருந்து பிரிந்த கிளப், ஆன்ஃபீல்டு மைதானம் என்றைக்குமே லிவர்பூலுடையது" என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது தலைகீழ். செயின்ட் டொமிங்கோ மெதடிஸ்ட் தேவாலயத்துப் பையன்கள் 1878இல் தொடங்கிய அணிதான் 1879இல் எவர்ட்டன் ஆனது. 1884 முதல் 1892 வரை ஆன்ஃபீல்டில் ஆடியதும் அவர்களே. 1890–91 இங்கிலாந்து லீக் பட்டத்தை வென்றபோதும் அதுதான் அவர்களுடைய சொந்த மைதானம்!

பிளவுக்குக் காரணம் வாடகை. மதுபான ஆலை முதலாளி ஜான் ஹோல்டிங் ஆன்ஃபீல்டு நிலத்தைத் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டார். 100 பவுண்டாக இருந்த ஆண்டு வாடகை சில வருஷத்தில் 250 ஆனது. உள்ளே அவருடைய சரக்கு மட்டுமே விற்கலாம் என்றும் நிபந்தனை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம் போய் குடிசன் பார்க் என்ற புது மைதானத்தைக் கட்டினார்கள்.

எவர்ட்டன் என்ற பெயரையாவது வைத்துக்கொள்ளப் பார்த்தார் ஹோல்டிங். கால்பந்து சங்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கையில் மிஞ்சியது காலி மைதானம். அதற்காக 1892இல் உருவாக்கியதுதான் லிவர்பூல். முதல் சட்டைகூட இன்றைய சிவப்பு இல்லை, நீலமும் வெள்ளையும். இங்கிலாந்து லீக்கிலும் உடனே இடமில்லை; முதல் சீசன் வட்டார அளவிலான லங்காஷயர் லீக்கில்தான். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள், பலர் இதை அப்படியே பகிர்கிறார்கள்.